மழையோடு பதிந்த பாட்டு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் பாட்டுக் கேட்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். நான் ஒலிப்பதிவு படித்தவள் அல்ல. முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகுதான் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றப் பழகினேன். அதற்குக் காரணம் ஒரே ஒரு கேசட். அதற்குள் போகுமுன் ரேடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பரில். நம் பாடசாலைக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில், பத்துக் காம்பரா லயத்துக்கு இரண்டே ரேடியோ. ஒன்று எங்கள் வீட்டில். மின்சாரம் இல்லை, பெட்டரிதான். பெட்டரி தளர்ந்தால் வெயிலில் வைப்போம். வெயில் ஏது, அடுப்புத் திட்டில்தான் வைப்போம். இன்னும் இரண்டு நாள் ஓடும். கே.எஸ். ராஜா பேசினால் அடுத்த காம்பராக்காரர்களும் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த ஒலியின் தரம் என்ன? மத்திய அலையில் ஏறக்குறைய 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எல்லாம் வெட்டுப்பட்டுவிடும். பண்பலையில் 15,000 வரை வரும். இளம் காது 20,000 வரை கேட்கும். அப்படியென்றால் ஜால்ராவின் கிணுகிணுப்பும் வயலின் வில்லின் உரசலும் எங்களுக்கு வந்து சேரவே இல்லை. ஆனால் மனிதக் குரலின் உடம்பு 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் பாட்டின் சொல் ஒன்றும் தப்பவில்லை. அந்த ரேடியோவில் கேட்டே ராகம் பிடிக்கப் பழகியவள் நான். எனவே தரம் குறைந்தால் இரசனை குறையும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1978இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. ஒரு வாத்தியம் இடப்பக்கம் கேட்கும், இன்னொன்று வலப்பக்கம். எங்கள் ரேடியோவுக்கு வாய் ஒன்றுதான், இரண்டும் சேர்ந்தே வந்தன. இன்று பஸ்ஸில் இரண்டு பிள்ளைகள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்கிறார்கள். பாவம், ஆளுக்குப் பாதிப் பாட்டுத்தான். ஒருத்திக்கு வீணை, மற்றவளுக்குத் தபேலா. நட்புக்காக அதையும் பொறுக்கலாம்.

என் பேரன் விலை கூடிய ஹெட்போன் வாங்கி, ‘சீடியை விடத் துல்லியம்’ என்று கேட்கச் சொன்னான். அறுபது தாண்டிய காதுக்கு மேல்ஸ்தாயி ஒலிகள் பெரும்பாலும் எட்டுவதே இல்லை. நல்லாயிருக்குப்பா என்று சொல்லி வைத்தேன்.

இனி கேசட். பிலிப்ஸ் கம்பனி 1963இல் கொண்டுவந்தது. நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றர் கூட இல்லை, வினாடிக்கு 5 சென்ரிமீற்றருக்கும் குறைவாக ஓடும். அந்த மெல்லிய நாடாதான் நம் வீட்டுக் குரல்களை முதன்முதலாகப் பிடித்தது. நம் மக்கள் பாடிய பாட்டுகளை சி.வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்தார், சொற்கள் தப்பின. மெட்டும் மூச்சும் அச்சில் ஏறுமா?

1984 ஜூன் மாதம், கொழும்பில் வேலை செய்த சித்தப்பா ஒரு டேப் ரெக்கோடர் கொண்டுவந்தார். அப்பாயியைப் பாடச் சொன்னார். தாலாட்டு, கும்மி எல்லாம் காம்பராவுக்குள் பாடினா. ஒப்பாரி கேட்டபோது மறுத்துவிட்டா. ‘வீட்டுக்குள்ள அதப் பாடக் கூடாதுப்பா.’ கெஞ்சிய பிறகு இஸ்தோப்புக்கு வந்து உட்கார்ந்து பாடினா. தகரக் கூரையில் மழை. அந்த வகை ரெக்கோடரில் ஒலியின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. அப்பாயி பாடும்போது மழை பின்வாங்கும், மூச்சு வாங்க நிறுத்தினால் மழை எழும்பி வரும். மழையும் கூடவே ஒப்பாரி வைத்தது போல இருக்கும்.

அப்பாயி போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, அதை ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கினேன். செய்தவர் நல்ல மனதோடு ‘இரைச்சலை எல்லாம் எடுத்துட்டேன் மிஸ்’ என்றார். வீட்டில் போட்டுக் கேட்டேன். மழை இல்லை. மூச்சு இல்லை. ‘ச’ வரும் இடமெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. ஏனென்றால் மழையின் இரைச்சலும் மூச்சும் ‘ஸ்’ என்ற ஒலியும் ஒரே குடும்பம், ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும்.

மீதியை எம்பி3 எடுத்துக்கொண்டது. சீடியின் கணக்கில் ஒரு வினாடி ஒலியை 44,100 தடவை அளந்து எழுதுகிறார்கள், நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் வரும். எம்பி3, காது கவனிக்காது என்று தான் கணிப்பதை எல்லாம் வீசிவிட்டு அதை ஒரு மெகாபைட்டுக்குச் சுருக்கும். அந்தக் கடையில் அதிலும் பாதியாகச் சுருக்கியிருந்தார்கள். சினிமாப் பாட்டானால் பரவாயில்லை, மூலப் பதிவு வேறெங்காவது இருக்கும். அப்பாயிக்கு வேறெங்கே இருக்கிறது? வீசியதைத் திரும்பப் பெறவும் முடியாது. அதை நாம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து வாய்ஸ் மெசேஜாகக் கனடாவுக்கு அனுப்புகிறோம். பேச்சுக்கென்று செய்த சுருக்கல் அது, இன்னொரு சுற்றுக் கசக்கல்.

நல்லவேளை, கேசட்டை எறியவில்லை. தங்கச்சி வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. நம் ஊர் ஈரத்தில் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். அப்படியே ஓடவிட்டால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டையும் கெடுக்கும். காயவைத்து, மெல்லத் துடைத்து, கையால் ஒருமுறை முழுக்கச் சுற்றி, ஒரே தடவை ஓடவிட்டுச் சுருக்காமல் பதிந்தேன். அறுபது நிமிடக் கேசட் 600 மெகாபைட்தான், சின்ன பென் டிரைவ் போதும். உங்கள் வீட்டுக் கேசட்டையும் இப்படியே செய்யுங்கள். துடைத்த பிரதி வேண்டுமென்றால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், துடைக்காததையும் கேசட்டையும் அழிக்காதீர்கள்.

மழை திரும்பி வந்தது. சந்தோஷத்தோடு அத்தையிடம் கொண்டுபோனேன். அப்பாயியின் மூத்த மகள், எண்பதைத் தாண்டியவர். கொஞ்ச நேரம் கேட்டார். ‘இது எங்க ஆத்தா இல்லடி. யாரோ கொமரிப்புள்ள பாடுறா.’

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. பிறகு புரிந்தது, பெட்டரி! பதியும்போது பெட்டரி தளர்ந்து மோட்டார் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் உயர்ந்துவிடும். வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் ஏறும். அதுவும் போகப் போகத் தளர்ந்திருக்கிறது, தாலாட்டை விட ஒப்பாரி இன்னும் மேலே நின்றது. சங்கீத டீச்சர், இத்தனை வருடம் இதைக் கவனிக்கவில்லை.

வேகத்தைக் கணினியில் குறைக்கலாம். எவ்வளவு குறைப்பது என்று கணினிக்குத் தெரியாது. அப்பாயியின் உண்மைக் குரலை நன்றாக அறிந்தவர்களில் மிஞ்சியிருப்பவர் அத்தை ஒருவர்தான். மூன்று பின்னேரம் மடிக்கணினியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று சதவீதம், ஐந்து, ஆறு. ‘இன்னும் கொஞ்சம்.’ ஏழு. ‘இல்ல, இப்ப கெழவியாயிட்டா.’ ஆறரைக்கு வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து மழை மட்டும் கேட்டபோது, ‘அன்னைக்கு நான் கொழுந்து மலையில நின்னேன், இந்த மழையிலதான் நனைஞ்சேன்’ என்றார்.

அந்தப் பதிவின் ஒரு பகுதியை இப்போது போடுகிறேன். பின்வரிசையில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள் தங்கச்சி.