இரகசியத்தின் எல்லை

பிறர் துயரைக் கேட்டு வழிகாட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களை மனநல ஆலோசகர் என்கிறோம். அத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் மாணவ மாணவியர் சிலர் இப்போது கேட்டுக்கொண்டிருக்கலாம். வகுப்பறையில் கற்ற நெறி, பயிற்சிக்குச் சென்ற இடத்தில் எவ்வாறு சோதனைக்கு உள்ளாகிறது என்பதை ஒருமுறை அருகிலிருந்து கண்டேன். அருகிலிருந்து என்று சொல்வதைவிட, அச்சோதனையே நான்தான் என்பது பொருந்தும்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு, முதுகலை பயிலும் மாணவி ஒருவர் வாரத்தில் இரு நாள் ஆலோசகர் பயிற்சிக்கு வந்தார். ஊரையும் ஆண்டையும் சொல்லாது விடுகிறேன். காரணம் பின்னர் விளங்கும். நன்கு படித்துவந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடங்களில் தவறியிருந்தான். வகுப்பாசிரியர் அவனை அப்பெண்ணிடம் அனுப்பினார். இரண்டு சந்திப்புகளில் அவன் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை, "யாரிடமும் சொல்லமாட்டீர்களே, அக்கா?" என்று கேட்டான். "சொல்லமாட்டேன்" என்று அவரும் வாக்களித்துவிட்டார்.

அன்று மாலையே அவரை அழைத்து, "பையன் என்ன சொன்னான்?" என்று வினவினேன்.

"மன்னிக்க வேண்டும் ஐயா, அதனை நான் சொல்லக் கூடாது" என்றார்.

எனக்குச் சினம் மூண்டது. பள்ளிக்குப் பொறுப்பு நான். பிள்ளையின் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நான். நேற்று வந்த இவர் எனக்கு மறைப்பதா என்று எண்ணினேன். பயிற்சி முடிவில் நான் கையொப்பமிட வேண்டிய சான்றிதழையும் அவருக்கு நினைவூட்டினேன். இதனை இன்று சொல்ல நாணமாக இருக்கிறது. பி.எட். பயிற்சியில் கல்வி உளவியல் படித்தவன்தான் நான்; ஆயினும் ஒரு பிள்ளையின் இரகசியத்துக்கு உரியவர் யார் என்ற கேள்வி அதுவரை என் மனத்தில் எழுந்ததே இல்லை.

பயிற்சி பெறுபவரின் நிலை இரங்கத்தக்கது. எவரை மறுத்துப் பேச வேண்டுமோ, அவரிடமே மதிப்பெண்ணும் சான்றிதழும் இருக்கின்றன. நன்றி சொல்ல வரும் தாய் ஒரு பொட்டலம் முறுக்கைக் கையில் திணித்தால் வாங்குவதா, மறுப்பதா என்பது போன்ற சிறு குழப்பங்கள் நாள்தோறும் வரும்; அவற்றை அனுபவம் தீர்த்துவிடும். வாக்குக்கும் உயிருக்கும் இடையே வரும் இக்கட்டு அவ்வளவு எளிதன்று.

1969ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தமக்குச் சிகிச்சையளித்த உளவியலாளரிடம் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகக் கூறினார். உளவியலாளர் வாளாவிருக்கவில்லை, பல்கலைக்கழகக் காவலருக்குத் தெரிவித்தார். காவலர் அம்மாணவரை விசாரித்து விட்டுவிட்டனர். ஆனால் அந்தப் பெண்ணை எவரும் எச்சரிக்கவில்லை. சில வாரங்களில் அவள் கொலையுண்டாள். பெற்றோர் தொடுத்த தாரசாஃப் வழக்கில், ஆபத்துக்குள்ளாகும் மனிதரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது சிகிச்சையளிப்பவர் கடமை என்று 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கி, பிறரைத் தீங்கிலிருந்து காப்பது முதலிய சில விலக்குகளையும் வகுத்துள்ளது. குழந்தை ஒன்று பாலியல் குற்றத்துக்கு உள்ளானதை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பயிற்சியில் இருப்பவர் என்பதனால் விலக்கில்லை.

ஆகவே, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்பது எந்த ஆலோசகரும் முழுமையாகக் கொடுக்கக்கூடிய வாக்கன்று. எவற்றைக் காப்பேன், எவற்றைக் காக்க இயலாது என்பதை முதற் சந்திப்பிலேயே, பிள்ளை எதையும் சொல்வதற்கு முன்பே, விளக்கிவிட வேண்டும். அப்பெண் தவறியது அங்கேதான். என்னிடம் சொல்ல மறுத்ததில் அன்று.

அன்றிரவு அவர் மாணவனின் பெயரைக் கூறாமல் தம் பேராசிரியையிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டிருக்கிறார். மறுநாள் என்னிடம் வரவில்லை. முதலில் அவனிடமே சென்றார். "நான் கொடுத்திருக்கக் கூடாத வாக்கைக் கொடுத்துவிட்டேன், தம்பி. நீ எண்ணியிருப்பது உனக்கு ஆபத்து. இதனை ஒருவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். யாரிடம் சொல்லலாம் என்று நீயே சொல்" என்று கேட்டார். அவன் நெடுநேரம் அழுதுவிட்டுத் தன் தாய்மாமன் பெயரைச் சொன்னான்.

மாமன் வந்த பிறகே எனக்குச் செய்தி எட்டியது. பையன் வீட்டைவிட்டு ஓடிப்போக நாள் குறித்திருந்தான் என்பதையும், இனி மாமன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வருவான் என்பதையும் மட்டுமே அப்பெண் என்னிடம் கூறினார். ஏன் ஓட எண்ணினான் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை முன்னாளே இழந்திருந்தேன்.

பையன் பொதுத் தேர்வு எழுதித் தேறினான். ஆனால் அதன் பின்னர் ஒருநாளும் அவன் அந்தப் பெண்ணிடம் பேசவில்லை. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவர் அதனைப் பொறுத்துக்கொண்டு பயிற்சியை முடித்தார். சான்றிதழில் கையொப்பமிட்டுக் கொடுத்தபோது, நான் முன்பு பேசியதற்கு வருந்துவதாகச் சொன்னேன். "அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார்.