முன்பாரமும் பின்பாரமும்: நடுவில் இயந்திரம் வைத்த கார்



மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள். தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள். மூட்டைகளை முன்னால் அதிகமாக அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். பின்னால் அதிகமாக அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும். அது பின்பாரம். அச்சுக்கு நேராகப் பாரம் அமைந்தால்தான் மாடு சிரமமின்றி நடக்கும், வண்டியும் சொன்னபடி திரும்பும். பள்ளிக்கூடம் போகாத வண்டிக்காரருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

சிங்கப்பூரில் தேக்காப் பக்கம் போனவர்கள் இரண்டு தெருப் பெயர்களைக் கவனித்திருக்கலாம். ஒன்று பஃபலோ ரோடு, மற்றொன்று கெர்பாவ் ரோடு. முன்னது ஆங்கிலத்திலும் பின்னது மலாயிலும் எருமையைக் குறிக்கும். சிராங்கூன் சாலையை ஒட்டிய அந்த வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வணிகம் நடந்த இடம். அதற்குப் பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ் ரோடு இருக்கிறது. ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடலால் வந்த பெயர் அது. திடல் 1933ஆம் ஆண்டில் புக்கித் தீமாவுக்கு இடம் மாறியது. பாரம் இழுத்த மாடும் பந்தயம் ஓடிய குதிரையும் போய்விட்டன. ஆனால் பாரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் போகவில்லை. அது மோட்டார் காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு காரில் மிகவும் கனமான ஒற்றைப் பொருள் அதன் இயந்திரம்தான். அதை எங்கே வைப்பது? பெரும்பாலான கார்களில் அது முன்னால் இருக்கிறது. பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டு காரில் அது பின் சக்கரங்களுக்கும் பின்னால், வாலில் இருந்தது. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், அதாவது வண்டியின் நடுப்பகுதியை ஒட்டி இயந்திரத்தை வைப்பது. இதையே நடு இயந்திரக் கார் என்கிறோம்.

இதனால் என்ன பயன்? இதை நீங்களே செய்து பார்க்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு முனையிலும் பால் நிறைந்த வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அந்த நிலையில் சட்டென்று திரும்ப முடியுமா? உடம்பு திரும்பும், வாளிகள் வர மறுக்கும். ஒருவாறு திரும்பிய பிறகு நிறுத்தப் போனால் வாளிகள் நிற்காமல் சுற்ற முயலும். அதே இரண்டு வாளிகளையும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். எளிதாகத் திரும்புவீர்கள். கனம் அதேதான். நடுவுக்கு அருகில் வந்துவிட்டது, அவ்வளவுதான். நடு இயந்திரக் கார் வளைவில் வேகமாகத் திரும்புவதன் இரகசியம் இதுவே. பின் சக்கரங்களின் மேல் நல்ல பாரம் இருப்பதால், முடுக்கும்போது அவை தரையை இறுகப் பற்றிக்கொள்வதும் மற்றொரு நன்மை.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று இருக்கிறது. 1961ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை, அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. தனியாகப் போட்ட பந்தயத் தடம் அல்ல அது. மற்ற நாட்களில் பொதுமக்கள் போய்வந்த சாலைதான். ஒரு சுற்று ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். ஒரு பக்கம் நேர்ச்சாலை, மறுபக்கம் காட்டை ஒட்டி நெளிந்து செல்லும் வளைவுகள். 1961இல் முதற் பந்தயத்தில் வென்றவர் இயன் பார்ன்வெல். அவர் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் காரில் இயந்திரம் முன்னால் இருந்தது. 1962இல் வென்ற யோங் நாம் கீயின் ஜாகுவாரிலும் அப்படியே. 1963இல் ஆல்பர்ட் பூன் லோட்டஸ் 23 என்ற சிறிய காரில் வந்தார். அதன் இயந்திரம் நடுவில். அவரே வென்றார். 1964இல் பெருமழையால் பந்தயம் பாதியில் கைவிடப்பட்டது. 1965இல் பூன் மறுபடியும் லோட்டஸ் 23இல் வென்றார். அதன் பிறகு 1973இல் நடந்த கடைசிப் பந்தயம் வரை வென்ற கார்கள் யாவும் முதுகுக்குப் பின்னால் இயந்திரம் வைத்தவையே.

உலக அரங்கிலும் இதே கதைதான். 1959ஆம் ஆண்டு ஜாக் பிரபாம், கூப்பர் என்ற நடு இயந்திரக் காரில் உலக வெற்றியாளரானார். சில ஆண்டுகளுக்குள் முன் இயந்திரக் கார்கள் அந்தப் பந்தயத்திலிருந்தே மறைந்தன. 2008 முதல் மரினா பே பகுதியில் இரவில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடும் கார்கள் அனைத்திலும் இயந்திரம் ஓட்டுநருக்குப் பின்னாலேயே இருக்கிறது.

அப்படியானால் இது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள்தானா என்று கேட்பீர்கள். நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியது ஓர் எளிய யோசனை. முன் சக்கரங்களை இயக்கும் சாதாரணக் குடும்பக் கார்களில், இயந்திரமும் கியர் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்து குறுக்கு வாட்டில் முன்னால் அமர்ந்திருக்கும். அந்தத் தொகுதியை அப்படியே எடுத்து இருக்கைக்குப் பின்னால் வைத்து, பின் சக்கரங்களை இயக்கச் செய்தால் என்ன? புதிதாக இயந்திரம் செய்யும் செலவு மிச்சம். இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 1972இல் எக்ஸ் ஒன் நைன் என்ற காரை இந்த முறையில் வெளியிட்டது. 1984இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் எம்ஆர்2 என்ற காரை வெளியிட்டது. இரண்டு பேர் மட்டும் அமரலாம். எடை ஏறத்தாழ ஒரு டன். அதன் 1,600 சிசி இயந்திரம் கொரோலா வகைக் கார்களிலும் இருந்ததுதான். இவ்வாறு, நடுத்தர வருமானக்காரரும் நினைத்துப் பார்க்கக்கூடிய விலைக்கு நடு இயந்திரக் கார் வந்து சேர்ந்தது.

இனி, இதன் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். இன்றைய உரையின் முக்கியப் பகுதி இதுவே.

எளிதில் திரும்பும் வண்டி எளிதில் சுழலவும் செய்யும். ஓடும் வண்டியில் பாரம் ஓரிடத்திலேயே நிற்பதில்லை. பிரேக் பிடித்தால் முன்னால் சாயும், முடுக்கினால் பின்னால் சாயும். பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது உங்கள் உடம்பே இதை உணர்ந்திருக்கும். ஒருவர் வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கிறார், அல்லது பிரேக்கை மிதிக்கிறார். பாரம் முன்னால் ஓடுகிறது. முன் டயர்கள் தரையைக் கவ்வுகின்றன. பின் டயர்கள் இலேசாகிப் பிடியை இழக்கின்றன. வண்டியின் பின்பக்கம் வெளியே வீசுகிறது. எந்த வண்டியிலும் இது நேரலாம். நடு இயந்திரக் காரில் இது மிக விரைவாக நேர்கிறது. ஓட்டுநர் சுதாரித்துக்கொள்ளக் கிடைக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவாக இருக்கக்கூடும்.

1989இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்ஆர்2 இந்தக் குணத்தால் பெயர் கெட்டது. தயாரித்தவர்கள் 1990களின் தொடக்கத்தில் அதைத் திருத்தினார்கள். எப்படித் திருத்தினார்கள் என்று பாருங்கள். தொங்கமைப்பின் கோணங்களை மாற்றினார்கள், சக்கரங்களைப் பெரிதாக்கினார்கள், முன் டயரின் அகலத்தை 195 மில்லிமீட்டராகவே விட்டுவிட்டுப் பின் டயரை 205இலிருந்து 225 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்கள். பாரம் அதிகமுள்ள இடத்தில் பிடியையும் அதிகமாக்கினார்கள்.

பழைய காரை வாங்கி மேம்படுத்த நினைக்கும் இளைஞர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் இயந்திரத்தின் சக்தியைக் கூட்டத்தான் அவர்கள் ஆசைப்படுவார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முறைப்படி முதலில் பார்க்க வேண்டியது டயர். தரையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. நான்கும் நல்ல நிலையில், ஒரே வகையாக, தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். நம் பக்கத்து மழைக்கு அதைவிட ஆழம் இருப்பதே நல்லது. பள்ளம் தேய்ந்தால் நீர் வெளியேற வழியின்றி, டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

இரண்டாவது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்தால், மிதி தளர்ந்து கீழே போகும். வண்டி நிற்காது. எண்ணெயைக் காலத்தில் மாற்றுவது செலவு குறைந்த, உயிர் காக்கும் மேம்பாடு. மூன்றாவது, அதிர்வுதாங்கிகளும் சக்கரங்களின் நேர்த்தியும். பின் சக்கரங்கள் இரண்டும் மிகச் சிறிதளவு உள்நோக்கி இருந்தால் வண்டி நிதானமாக ஓடும். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் வால் அலையும். நான்காவது குளிர்விப்பு. எம்ஆர்2 போன்ற கார்களில் ரேடியேட்டர் முன்னால், இயந்திரம் பின்னால். தண்ணீர் நீண்ட குழாய்களின் வழியே போய்வர வேண்டும். தண்ணீர் மாற்றும்போது குழாயில் காற்று தங்கிவிட்டால், சிராங்கூன் சாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது இயந்திரம் கொதித்துவிடும். இவை நான்கும் சரியான பிறகுதான் சக்தியைப் பற்றிப் பேச வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் கார் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. சிலவற்றுக்கு அனுமதி வேண்டியதில்லை. சிலவற்றுக்கு அனுமதி பெற வேண்டும். சில அறவே கூடா. அங்கே மலிவான கார் என்பதே அரிது. 1990 முதல் நடப்பில் உள்ள வாகன உரிமைச் சான்றிதழின் விலை, பெரிய கார்களுக்கு 2023 அக்டோபரில் 1,50,000 வெள்ளியைத் தொட்டது. அது பத்து ஆண்டுகள் கார் வைத்துக்கொள்ளும் உரிமைக்கு மட்டும் உள்ள விலை. காரின் விலை வேறு.

நேயர்களே, நமக்கு இந்தக் கார் எதற்கு என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். உங்கள் தோட்டத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். செம்பனைக் குலைகளை உயரமாக அடுக்கிய லாரிக்கும் அந்தக் காருக்கும் விதி ஒன்றே. பாரம் உயர்ந்தால் வளைவில் கவிழும் ஆபத்தும் உயரும். பாரம் பின் அச்சுக்கு அப்பால் போனால் முன் சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங் சொன்னதைக் கேட்காது. லாரியின் பின்பலகையில் கால்களைத் தொங்கவிட்டு உட்காரும் பிள்ளைகளும் ஒரு பாரம்தான். வண்டி வீசும்போது முதலில் எறியப்படுவது அவர்களே. அவர்களை அங்கே உட்கார விடாதீர்கள்.

வேகத்தின் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒரு வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 60 கிலோமீட்டரில் போனால், வேகம் கூடுவது ஒன்றரை மடங்கு. டயர் தாங்க வேண்டிய இழுப்போ இரண்டேகால் மடங்கு. மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே கணக்கு.

ஆகவே ஓட்டுபவர் நினைவில் வைக்க வேண்டியவை இவை: நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் காலும் கையும் பதறாமல் ஒரே சீராக இருக்கட்டும். சாலை நேராகத் தெரிந்த பிறகு மெல்ல முடுக்குங்கள். மழையில் இவை ஒவ்வொன்றையும் இன்னும் மெதுவாகச் செய்யுங்கள்.

அப்பர் தாம்சன் சாலைப் பந்தயங்களில் தேர்ந்த ஓட்டுநர்களும் உயிரிழந்தார்கள். 1973க்குப் பின் அந்தப் பந்தயம் அங்கே நடக்கவில்லை. இன்று அந்தப் பழைய சாலை மரநிழலில் அமைதியாகக் கிடக்கிறது, குரங்குகள் கடந்து போகின்றன. வளைவுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் உங்கள் பிள்ளை ஓட்டுநராகவோ பட்டறைத் தொழிலாளியாகவோ ஆகலாம். புறப்படும்போது நீங்கள் சொல்லும் புத்திமதிகளோடு, தாத்தாவின் முன்பாரம் பின்பாரக் கணக்கையும் சொல்லி அனுப்புங்கள்.