கைப்பேசி கை பிடித்துப் பார்க்குமா?

(ஜொகூரில் தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளக் கணக்கைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். இன்று மூட்டு வலியைப் பற்றியும், அதற்குக் கைப்பேசி சொல்லும் குறியைப் பற்றியும் பேச விரும்புகிறேன். காரணம், இதில் நானே ஒரு பிழை செய்திருக்கிறேன்.

பால் வெட்டும் அக்காள் ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, விரலெல்லாம் கடுக்குது. காலையிலே உளி பிடிக்க முடியலே. உன் போனிலே கேட்டுச் சொல்லேன்" என்றார். நோய்க்குறிகளைக் கேட்டு நோயின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்றைத் திறந்தேன். அது ஆங்கிலத்தில் கேட்டது. நான் தமிழில் கேட்டேன். "காலையில் விறைப்பு உண்டா?" என்றதும் அக்காள் சிரித்தார். "விறைச்சுப் போக நான் என்ன கட்டையா?" என்றார். நானும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று அமுக்கினேன். வயதினால் வந்த மூட்டுத் தேய்மானம் என்று பதில் வந்தது. நாற்பத்தைந்து வயதாகிவிட்டதே, தேயாமல் என்ன செய்யும் என்று அவரும் நம்பினார். எட்டு மாதம் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார்.

பிறகு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் கணுக்கணுவாக அமுக்கிப் பார்த்தார். "எழுந்ததும் விரலை மடக்க எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார். "சோறு வெந்து இறக்குற வரைக்கும் ஆகும்" என்றார் அக்காள். இரத்தமும் சோதித்தார்கள். நோய் முடக்கு வாதம். உடம்பின் காவற்படையே மூட்டைத் தாக்கும் நோய் அது. முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூட்டைக் காக்கலாம். அரித்துப்போன எலும்பு திரும்பி வராது. அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்?

பிழை என்னுடையது மட்டுந்தானா? 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 23 கருவிகளை 45 நோய்க் கதைகளைக் கொண்டு சோதித்தார்கள். சரியான நோயை முதலில் சொன்னது 100-க்கு 34 முறைதான். மறு ஆண்டு அதே போன்ற கதைகளை மருத்துவர்களிடம் கொடுத்தபோது 72 முறை சரியாகச் சொன்னார்கள். 2016-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. மூட்டு அழற்சி உறுதியான 21 பேரில், அந்த நோயின் பெயரைக் கருவி முதலில் சொன்னது 4 பேருக்கு மட்டுமே.

ஏன் இப்படி? நம் வலிக்குக் கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், பிடிப்பு என்று எத்தனை பெயர்! கருவிக்கு எல்லாம் ஒரே வலிதான். வீக்கத்தைத் தொட்டுப் பார்க்க அதற்குக் கையில்லை. இன்று நம்மோடு உரையாடும் புதிய இயந்திரங்கள் வந்திருக்கின்றன, அவற்றுக்கும் கையில்லை. தோட்டத்தின் நிலைமையையும் நாமே சொன்னாலொழிய அது அறியாது. 2008-இல் ஜொகூரில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவிய சிக்குன்குனியாவை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்தது. மழைநீர் தேங்கிய பால் மங்கிலும் அந்தக் கொசு முட்டையிடும்.

கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்க அது உதவும். தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் மட்டும் அதை உட்கார வைக்காதீர்கள்.

ஏன் போனை நாடுகிறோம்? கிளினிக்குக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்ற அச்சம். தோழர்களே, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்துடன் நோய் விடுப்புத் தருகிறது. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18. ஐந்தும் அதற்கு மேலும் 22. ஆனால் மருத்துவர் பார்த்துத் தந்த சீட்டு வேண்டும். கைப்பேசியின் பதிலைக் காட்டினால் சம்பளம் கிடைக்காது. தொழில்நோய் என்று பெர்கேசோவில் இழப்பீடு கேட்பதற்கும் மருத்துவர் எழுதியதுதான் சான்று. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி.

ஆகவே, காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் மூட்டு மடங்காவிட்டால், இரு கையிலும் விரற்கணுக்கள் வீங்கினால், வலி வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து சுட்டால் அன்றைக்கே போங்கள். எத்தனை நாள் வலி, எந்த விரல், எந்த வேலையில் கூடுகிறது என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். இம்முறை சொல்லுக்குச் சொல் நீங்கள் சொல்கிறபடியே எழுதுவேன்.

அந்த அக்காள் இன்று மருந்து உண்கிறார். வலி குறைந்திருக்கிறது. வளைந்த இரண்டு விரல் நிமிரவில்லை. இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.