பன்னிரண்டு கூடைகள்

(அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில் அளிக்கப்பட்ட செய்தி)



யோவான் சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தில், ஒரு சிறுவனிடம் இருந்த ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஆண்டவர் ஐயாயிரம் பேரைப் போஷித்ததை வாசிக்கிறோம். பிள்ளைகளே, இது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த சம்பவம். ஆனால் சாப்பாடு முடிந்தபிறகு நடந்ததைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எல்லாரும் திருப்தியடைந்தபின், ஒன்றும் வீணாய்ப் போகாதபடி மீந்ததைச் சேர்க்குமாறு ஆண்டவர் சீஷர்களுக்குச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பத்தைப் பெருகச்செய்தவருக்கு மீந்த துண்டுகளால் என்ன தேவை? நாளைக்கும் அவரால் பெருகச்செய்ய முடியுமே! ஆனாலும் அவர் அதைப் புல்தரையில் விட்டுவிட்டுப் போகச் சம்மதிக்கவில்லை. பஞ்ச காலத்தில் சிக்கனமாயிருக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நிறைவாய் இருக்கும்போது வீணாக்காமல் இருப்பதையே ஆண்டவர் அன்று சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். லண்டனில் வாழும் நமக்கு அந்தப் பாடம் மிகவும் தேவையானது.

"தூக்கி எறிந்தாச்சு" என்று நாம் சொல்கிறோம். எறிந்தது எங்கே போகிறது? 2017ஆம் ஆண்டு செப்டம்பரில், கிழக்கு லண்டனின் வைட்சாப்பல் தெருவுக்குக் கீழே, பழைய கழிவுநீர்க் கால்வாயில் ஒரு பெரிய அடைப்பைக் கண்டுபிடித்தார்கள். அதன் நீளம் 250 மீட்டர். எடை சுமார் 130 டன். மண்ணோ கல்லோ அல்ல. வீடுகளிலும் உணவகங்களிலும் சிங்கில் ஊற்றிய எண்ணெயும் கொழுப்பும், கழிப்பறையில் போட்ட ஈரத்துடைப்புத் தாள்களும் ஒன்றாய் உறைந்து, கொங்கிறீட் போல் இறுகியிருந்தன. தொழிலாளர்கள் கால்வாய்க்குள் இறங்கி, அதிவேக நீரைப் பாய்ச்சியும் மண்வெட்டியால் வெட்டியும் அதை அகற்றினார்கள். பல வாரங்கள் பிடித்தன. அதன் ஒரு துண்டு மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

அந்தத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். நம் சமையலறையில் வடை பொரித்த எண்ணெயும், ஆட்டிறைச்சிக் கறியின் கொழுப்பும் இன்னொருவருடைய முழங்கால் அளவு சேற்றில் போய் முடிகின்றன. பிறனை நேசி என்ற கட்டளை, பக்கத்து வீட்டுக்காரரோடு நின்றுவிடுவதில்லை. தெருவுக்கு அடியில் வேலை செய்கிறவரும் நமக்குப் பிறன்தான்.

ஆகவே அம்மாமாருக்கும் சமையல் செய்கிற ஐயாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பொரித்த எண்ணெயை ஆறவிட்டு, ஒரு பழைய போத்தலிலோ டின்னிலோ சேர்த்து வையுங்கள். பல கவுன்சில்களின் மறுசுழற்சி நிலையங்களில் சமையல் எண்ணெய்க்கென்றே தொட்டி இருக்கிறது. கறிச் சட்டியைக் கழுவுமுன் ஒரு தாளால் துடைத்துவிடுங்கள். ஈரத்துடைப்புத் தாளைக் கழிப்பறையில் போடாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, பட்டமும் தேவையில்லை. அரை நிமிஷம் போதும்.

நம்முடைய ஐக்கிய விருந்துக்கும் இது பொருந்தும். 2023 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கரண்டி, முள்ளுக்கரண்டிகளும், நுரைப் பிளாஸ்டிக் கோப்பைகளும் தடை செய்யப்பட்டுவிட்டன. பிளாஸ்டிக் தட்டுகளும் பெரும்பாலும் அப்படியே. சட்டத்துக்குப் பயந்து காகிதத் தட்டுக்கு மாறுவது ஒரு வழி. ஆளுக்கொரு தட்டை வீட்டிலிருந்து கொண்டுவருவது அதைவிட நல்ல வழி. மீந்த சோற்றையும் கறியையும் எடுத்துப்போக ஒரு டப்பாவும் கொண்டுவாருங்கள். தனியாய் வாழும் மூத்தவர்களுக்கும், படிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கும் முதலில் கொடுங்கள். அன்றைய சீஷர்கள் கூடை எடுத்தார்கள். நாம் டப்பா எடுக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

உணவுக் கழிவுக்கென்று கவுன்சில் தரும் சிறிய தொட்டியையும் அலட்சியம் செய்யாதிருங்கள். குப்பைமேட்டில் புதைந்த உணவு மெதேன் வாயுவாகிப் பூமியைச் சூடாக்குகிறது. அதே உணவு தனியாய்ச் சேர்க்கப்பட்டால், மூடிய கலன்களில் மக்கி எரிவாயுவும் வயலுக்கு உரமும் ஆகிறது.

"நாங்கள் இந்தச் சின்னக் காரியங்களைச் செய்து என்ன மாறப்போகிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். தேம்ஸ் நதியைப் பாருங்கள். 1957இல் அதன் லண்டன் பகுதியை உயிரற்ற நதி என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொடங்கியபின் மீன்கள் திரும்பி வந்தன. இன்று அதன் முகத்துவாரத்தில் கடல்நாய்கள் குட்டி ஈனுகின்றன. அரசும் நிறுவனங்களும் செய்யவேண்டிய பெரிய வேலைகள் உண்டு. அவற்றைக் கேட்க நமக்கு உரிமையும் உண்டு. ஆனால் நம்முடைய பங்கை நாம் செய்துவிட்டுக் கேட்கும்போதுதான் அந்தக் கேள்விக்குப் பலம் இருக்கும்.

இப்போது காணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. "ஊரில் எங்கள் சனங்கள் கஷ்டப்படுகிறார்கள். இதற்குள் மரத்துக்கும் பறவைக்கும் காசா?" இது நியாயமான கேள்வி. இதற்கு யாழ்ப்பாணமே பதில் சொல்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். சுன்னாகத்தில் மின் நிலையம் ஒன்றின் கழிவு எண்ணெய் அந்த நீரில் கலந்தபோது, வீட்டுக் கிணறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடும்பங்கள் தவித்தன. அந்தக் கிணறுகளுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் யார் தெரியுமா? கொழும்புப் பக்கத்திலுள்ள ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவர். 2019இல் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. நிலமும் நீரும் கெட்டால் முதலில் அழுவது ஏழைதான். அவற்றைக் காக்கிறவர்களுக்குக் கொடுப்பதும் நம் சனங்களுக்குக் கொடுப்பதே. ஊருக்கு அனுப்பும் உதவியில் ஒரு பென்ஸும் குறைக்க வேண்டாம். வீணாக்காமல் மிச்சம் பிடித்ததிலிருந்து கொடுப்போம்.

யாருக்குக் கொடுப்பது? நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். 1983இல் போர்த்துக்கல் நாட்டில் தொடங்கிய அ ரோஷா என்ற கிறிஸ்தவ அமைப்பின் பெயருக்குக் கன்மலை என்று பொருள். மேற்கு லண்டனில், சவுத்ஹாலுக்கும் ஹேய்ஸுக்கும் இடையில், குப்பை கொட்டிக் கிடந்த சுமார் 90 ஏக்கர் நிலம் பூங்காவாக மாற அவர்கள் உழைத்தார்கள். மினெட் கன்ட்ரி பார்க் என்று இன்று பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் அதுதான். 2016 முதல் அவர்கள் நடத்தும் ஈகோ சர்ச் திட்டத்தில் எந்தச் சபையும் சேரலாம். ஆராதனை, கட்டடம், நிலம், சமுதாயம், வாழ்க்கைமுறை என ஐந்து பகுதிகளில் தன்னைத் தானே சோதித்துப் பார்க்கலாம். தேம்ஸ்21 அமைப்போடு ஒரு சனிக்கிழமை நதிக்கரையைத் துப்புரவாக்கப் போகலாம். வாலிபர் சங்கத்தாருக்கு அது ஏற்ற ஊழியம்.

கொடுக்குமுன் அந்த அமைப்பின் அறக்கட்டளைப் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையொப்பமிட்டால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டோடும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். ஒரு கையெழுத்தைச் சோம்பலால் விட்டுவிடுவதும் வீணாக்குவதுதானே?

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரி மாதக் கடைசியிலும் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் நாடு முழுவதும் பறவைகளை எண்ணச் சொல்கிறது. 1979இல் இது பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தோட்டத்துக்கோ பூங்காவுக்கோ வரும் சிட்டுக்குருவி, ராபின், கருங்குருவி எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். தாத்தா பாட்டியையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஊரில் என்னென்ன பறவைகள் முற்றத்துக்கு வரும் என்று அவர்களிடம் கேளுங்கள். அடைக்கலான் குருவிகளில் ஒன்றையும் பிதா மறப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னார். அவர் மறக்காததை நாமும் ஒரு மணி நேரம் நினைப்போமே.

அப்பத்தைக் கொண்டுவந்தவன் ஒரு சிறுவன். கூடையைச் சுமந்தவர்கள் பெரியவர்கள். இரண்டு வேலையும் இந்தச் சபையில் நடக்கட்டும். அடுத்த ஐக்கிய விருந்தன்று சபைச் சமையலறையில் எண்ணெய்க்கென்று ஒரு டின் வைப்போம். அவரவர் தட்டோடும் டப்பாவோடும் வருவோம்.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்த தேவன், இந்த லண்டன் மாநகரத்தில் நம்மையும் நல்ல உக்கிராணக்காரராக நடத்தி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.