அளந்த கையையும் கேளுங்கள்



கர்ப்பிணியின் வயிற்றுக் கொழுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொப்பையைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! எடை மெஷின் கண்ணில் படாத கொழுப்பு அது. தெற்காசியர்களான நமக்கு அது பெரும்பாலும் வயிற்றில்தான் சேர்கிறது.

வயிற்றுக் கொழுப்பும் இரண்டு வகை. தோலுக்கு அடியில் கையால் கிள்ளிப் பிடிக்க வருவது ஒன்று. தசைக்கு உள்ளே, குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றிப் படிவது இன்னொன்று. இந்த உள்கொழுப்பு மிகுந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களும் அதே இன்சுலினைத்தான் தடுக்கின்றன. இரண்டு பக்கமும் நெருக்கினால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

இந்த உள்கொழுப்பை எப்படி அளப்பது? சி.டி. ஸ்கேன் துல்லியமானது, ஆனால் கதிர்வீச்சு உண்டு, கருவைச் சுமப்பவளுக்கு ஆகாது. எம்.ஆர்.ஐ. செலவு மிகுந்தது. அல்ட்ராசவுண்டுக்கோ, 11 முதல் 14 வாரத்துக்குள் அவளே வந்து படுக்கிறாள். அப்போது கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குச் சற்று மேலேதான் எட்டியிருக்கும். மேல்வயிறு இன்னும் இடம்மாறவில்லை. தோலிலிருந்து தசைவரை ஓர் அளவு. தசையிலிருந்து பெருந்தமனிவரை இன்னோர் அளவு. சில நிமிட வேலை. இப்படி எடுத்த உள்கொழுப்பின் அளவுக்கும் பின்னால் வரும் சர்க்கரைக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதை டொரன்டோ ஆய்வாளர்கள் 2009-இல் எழுதினார்கள்.

ஆனால், நண்பர்களே, இங்கேதான் நிதானம் வேண்டும். கருவியைச் சற்று அழுத்தினால் மேல்கொழுப்பு நசுங்கி, அளவு குறைந்துவிடும். மூச்சை இழுத்தபோது ஓர் அளவு, விட்டபோது வேறோர் அளவு. கருவி கொஞ்சம் நகர்ந்தால் எண் மாறும். குடலில் வாயு இருந்தால் பெருந்தமனியே தெரியாது. அதனால்தான் ஒரே பெண்ணை ஒருவரே இரண்டு முறை அளந்தால் ஒத்துவருகிறதா, இருவர் தனித்தனியே அளந்தால் ஒத்துவருகிறதா என்று சோதிக்கிறார்கள்.

இப்படி அளந்த இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் மட்டும் போதாது. ஒரு கடிகாரம் எந்நேரமும் 10 நிமிடம் முந்தியே ஓடினாலும், மற்றதோடு சேர்ந்துதான் ஓடும். அதை நம்பிப் போனால் நேரம் தவறும். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986-இலேயே இதை உரக்கச் சொன்னார்கள்: இரண்டு அளவுகளுக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள் என்றார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. எந்த இடத்தில், எந்த மூச்சில், எவ்வளவு மென்மையாக என்ற விதியை வகுத்து, பழகிய கையால் அளந்தால் அல்ட்ராசவுண்டு நல்ல கருவி. விதியில்லாமல் அளந்தால் அது வெறும் எண். இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் இன்னும் வகுக்கப்படவில்லை.

மருத்துவர்களே, அளவை எழுதும்போது அளந்த முறையையும் எழுதுங்கள். மாமியார்களே, ஸ்கேன் சீட்டைக் காட்டி மருமகளின் தொப்பையைக் குத்திக்காட்டாதீர்கள். கர்ப்பிணித் தங்கைகளே, எந்த ஸ்கேன் எடுத்தாலும் சர்க்கரைப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து, 2 மணி நேரம் காத்திருந்து ரத்தம் கொடுங்கள். சர்க்கரை அளவு 140-ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.