நாற்றம் நின்றால் ஆபத்து
(உரை)



சாண எரிவாயுக் கலனையோ கழிவுநீர்த் தொட்டியையோ திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிப்பதை அறிவீர்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலும் நம் மூக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கெட்டிக்கார மூக்குதான். ஆனால் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப் போகிறது. நாற்றம் நின்றுவிடும், வாயு அங்கேயே இருக்கும். "நாற்றம் போய்விட்டது" என்று இறங்குகிறவர் இதனால்தான் ஏமாறுகிறார். 1000 பங்கு அளவில் ஓரிரு மூச்சிலேயே நினைவிழந்து விழுவார்.

இவ்வாயு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். அடிச்சேற்றைக் கலக்கினால் குபீரென்று கிளம்பும். ஆகவே மேலே நின்று முகர்ந்து பார்ப்பது சோதனையாகாது. விளக்கை இறக்கிப் பார்ப்பதும் வேண்டாம். அது பிராணவாயுக் குறைவைத்தான் காட்டும்; கலனில் உள்ள மீத்தேனோ தீப்பற்றிக் கொள்ளும்.

ஒருவர் விழுந்ததும் தம்பியோ மகனோ பதறி உள்ளே குதிப்பதுண்டு. இத்தகைய மூடிய இடங்களில் இறந்தோரில் 60 சதத்திற்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 1986இல் எச்சரித்தது.

ஆளை இறக்காமல் மேலிருந்தே பம்பு வைத்து இறைத்துவிடுங்கள். எவரேனும் விழுந்துவிட்டால் உடனே 101இல் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். காற்று உருளையுடன் அவர்கள் வரும்வரை, முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கூட யாரையும் இறங்க விடாதீர்கள்.