பெயர் ஒன்று, வேகம் வேறு: மடிக்கணினியின் படச் சில்லு

நாம் ஒரு பொருளை வாங்கும்போது சோதித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்க்கிறோம். ஆனால் பிள்ளையின் படிப்புக்காக ஒரு மடிக்கணினி வாங்கப் பட்டணத்துக் கடைக்குப் போனால், அள்ளிப் பார்க்கவும் வழியில்லை. தடவிப் பார்க்கவும் வழியில்லை. அட்டையில் எழுதியிருக்கும் பெயர்களைப் படிக்கிறோம். கடைக்காரர் சொல்வதைக் கேட்கிறோம். பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தப் பெயர்களில் பெரிய குழப்பத்தைத் தருவது ‘கிராஃபிக்ஸ்’ என்பதாகும். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில், எங்கள் தோட்டத்தில் 2022-ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண்பிள்ளைக்குப் பொலிடெக்னிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தாயார் பால்மரம் சீவுகிறவர்; தந்தையார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். சீட்டுக் கட்டிச் சேர்த்த இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளியை எடுத்துக்கொண்டு, “சார், நீங்களும் கூட வாங்க” என்று அழைத்தார்கள். ஆசிரியர்கள் நாங்கள் இருவர் உடன் சென்றோம். விலை அட்டையில் ‘இண்டெல் ஐரிஸ் எக்ஸ்-இ கிராஃபிக்ஸ்’ என்று எழுதியிருந்தது. நல்ல சாமான் என்று நாங்களும் தலையசைத்தோம்.

வீட்டுக்கு வந்து பிள்ளை திறந்து பார்த்தால், திரையில் ‘இண்டெல் யூ.எச்.டி. கிராஃபிக்ஸ்’ என்று இருந்தது. அட்டையில் ஒரு பெயர், திரையில் வேறொரு பெயர்! மறுநாள் கடைக்குத் திரும்பிப் போனோம். “சரியான சாமான்தான் கொடுத்தோம்” என்றார்களே தவிர, பெயர் ஏன் மாறியது என்று அவர்களுக்கும் விளக்கத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் அந்தத் தாயார் மெல்லக் கேட்டார்: “படிச்சவங்க நீங்க கூட வந்துமா சார் இப்படி ஆச்சு?” அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பதிலைத் தேடித்தான் இந்தப் பாடத்தை நாங்களே படிக்க வேண்டியதாயிற்று.

நேயர்களே, கணினித் திரையில் நாம் காணும் எழுத்து, படம், காணொளி எல்லாவற்றையும் வரைந்து தருவதற்கென்று ஒரு பகுதி உண்டு. அதைப் படச் சில்லு என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு வகைப்படும். ஒன்று, தனக்கென்று தனி நினைவகத்தோடு தனியே பொருத்தப்பட்டிருப்பது. இதற்கு விலை அதிகம்; மின்சாரமும் அதிகம் உண்ணும். மற்றொன்று, கணினியின் மூளையாகிய பிராசசருக்கு உள்ளேயே சேர்ந்திருப்பது. நம் வீடுகளுக்கு வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

பிராசசரோடு சேர்ந்திருக்கும் படச் சில்லுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ‘ரேம்’ என்று நாம் சொல்கின்ற பொது நினைவகத்திலிருந்துதான் அது எடுத்துக்கொள்கிறது. ஒரு லயத்தில் இரண்டு குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய் இருப்பதைப் போன்ற நிலை இது. பிராசசர் ஒரு குடும்பம். படச் சில்லு இன்னொரு குடும்பம். ஒரே குழாய் இருந்தால் ஒருவர் பிடிக்கும்போது மற்றவர் வாளியோடு காத்திருக்க வேண்டும். இரண்டு குழாய்கள் இருந்தால் வேலை விரைந்து முடியும்.

கணினியில் இந்தக் குழாய் எது? ரேம் பட்டைகள்தாம். பல மடிக்கணினிகளில் இரண்டு பட்டைகள் செருக இடம் இருக்கும். விலையைக் குறைக்க ஒரே பட்டையைச் செருகி விற்பதும் உண்டு. 3200 வேகமுள்ள டி.டி.ஆர். 4 வகை நினைவகத்தை எடுத்துக்கொண்டால், ஒரு பட்டை நொடிக்கு 25.6 கிகாபைட் வரை தரவல்லது. இரண்டு பட்டைகள் சேர்ந்தால் 51.2 கிகாபைட். சரியாக இரண்டு மடங்கு!

இப்போது அந்தப் பெண்பிள்ளையின் கணினிக்கு வருவோம். அதிலிருந்தது இண்டெல் நிறுவனத்தின் பதினோராம் தலைமுறை ஐ-5 பிராசசர். 1135 ஜி 7 என்பது அதன் எண். இந்தத் தலைமுறை 2020-ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘ஐரிஸ் எக்ஸ்-இ’ என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்கு இண்டெல் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. நினைவகம் இரண்டு வழியாக வேலை செய்தால்தான் ‘ஐரிஸ் எக்ஸ்-இ’ என்று திரையில் காட்டும். ஒரே வழி என்றால், அதே சில்லு ‘யூ.எச்.டி.’ என்று காட்டும். சில்லு மாறவில்லை, பெயர்தான் மாறியது. பெயரோடு வேகமும் குறைந்திருந்தது.

பினாங்கில் மின்னியல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர்தான் இதை எங்களுக்கு விளக்கினார். இது பொருத்தமான செய்திதான். இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-ஆம் ஆண்டு பினாங்கில்தான் தொடங்கியது. உலகெங்கும் போகும் சில்லுகளில் நம் நாட்டுத் தொழிலாளர் கைபட்டவை பல. அவற்றின் பெயரைப் படிக்க மட்டும் நாம் தெரியாமலிருக்கலாமா?

அந்த மாணவர் சொன்னபடி, நூறு வெள்ளிக்குச் சற்று மேல் கொடுத்து, அதே அளவும் வேகமும் உள்ள இன்னொரு ரேம் பட்டை வாங்கிச் செருகினோம். கணினியைத் திறந்தோம். திரையில் ‘ஐரிஸ் எக்ஸ்-இ’ என்று வந்தது. அந்தத் தாயார் கேட்டார்: “அப்ப முதல்லயே இதைக் கேட்டு வாங்கியிருக்கலாம் இல்லையா சார்?” “ஆமாம் அக்கா, கேட்டிருக்க வேண்டியது நாங்கள்தான்” என்றோம்.

ஆனால் எல்லா யூ.எச்.டி.யும் இப்படி மாறிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அதே பதினோராம் தலைமுறையில் ஐ-3 1115 ஜி 4 என்ற பிராசசர் இருக்கிறது. அதன் படச் சில்லில் வேலைக் கூறுகள் 48. முன்னே சொன்ன ஐ-5-இல் அவை 80. ஐ-7 1165 ஜி 7-இல் 96. 48 கூறுகள் உள்ள ஐ-3-க்கு எத்தனை பட்டைகள் செருகினாலும் அது யூ.எச்.டி.தான். ஆகவே ‘யூ.எச்.டி.’ என்ற ஒரே பெயருக்குப் பின்னால் வெவ்வேறு சில்லுகள் இருக்கின்றன.

பெயர் மாறியும் வேகம் மாறாத கதையும் உண்டு. 2016-இல் வந்த ‘எச்.டி. 620’, 2017-இல் வந்த ‘யூ.எச்.டி. 620’ ஆகிய இரண்டிலும் கூறுகள் 24தான். படம் வரையும் திறனில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆயினும் பழைய கணினி வாங்குவோர்க்கு இந்தப் பெயர் வேறுவகையில் உதவும். எச்.டி. 620 என்றால் பெரும்பாலும் ஏழாம் தலைமுறை, யூ.எச்.டி. 620 என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பது, இண்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏழாம் தலைமுறையை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம்.

இண்டெலுக்குப் போட்டியான ஏ.எம்.டி. நிறுவனத்தின் பெயர்களையும் சற்றுப் பார்ப்போம். 2017-இல் தொடங்கிய ரைசன் மடிக்கணினிகளில் ‘வேகா 8’, ‘வேகா 10’ என்று பெயர்கள் இருந்தன. அந்த எண், படச் சில்லில் உள்ள கூறுகளின் எண்ணிக்கை. அப்படியானால் பத்து, எட்டைவிட வேகமானதா? ஒரே தலைமுறையில் பொதுவாக அப்படித்தான். ஆனால் 2020-இல் வந்த ரைசன் 4000 வரிசையின் எட்டுக் கூறுகள், முந்திய வரிசையின் பத்துக் கூறுகளையும் முந்தின. ஒவ்வொரு கூறும் வேகமாக ஓடியதே காரணம். நான்கு திறமையான ஆட்கள், ஆறு பேருடைய நிறையை வெட்டி முடிப்பதில்லையா? அதைப் போலத்தான்.

இன்னும் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. ‘ரைசன் 5, ஏழாயிரம் வரிசை’ என்று மட்டும் சொல்லி ஒரு கணினியை விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 7520 யூ என்றால் படச் சில்லில் கூறுகள் இரண்டே இரண்டு. 7530 யூ என்றால் பழைய வேகா வகையில் ஏழு கூறுகள். 7640 யூ என்றால் புதிய வகையில் எட்டுக் கூறுகள். மூன்றும் ரைசன் 5, மூன்றும் ஏழாயிரம். இந்த வரிசையில் மூன்றாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். அது 2, 3, 4 என்று கூடக் கூட, பிராசசர் புதிய அமைப்பைச் சேர்ந்தது என்று பொருள்.

2023 டிசம்பரில் இண்டெல் ‘கோர் அல்ட்ரா’ என்ற பெயரையும், அதில் ‘ஆர்க்’ என்ற படச் சில்லுப் பெயரையும் கொண்டுவந்தது. முதலில் வந்த அந்த வரிசையிலும் ஆர்க் என்ற பெயருக்கு நிபந்தனை உண்டு. குறைந்தது 16 கிகாபைட் ரேம், அதுவும் இரண்டு வழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் ‘இண்டெல் கிராஃபிக்ஸ்’தான்.

பால்மரம் சீவும் நமக்கு இது புதிய செய்தி அல்ல. வாளி நிறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பாலுக்குக் கணக்குப் போடுவதில்லை. அதில் காய்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்க்கிறார்கள். மழைத் தண்ணீர் கலந்தால் வாளி நிறையும், ரப்பர் கூடாது. கணினியின் பெயர் வாளியைப் போன்றது. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

“இதில் நாலு கிகாபைட் கிராஃபிக்ஸ் இருக்கிறது” என்று சிலர் சொல்வார்கள். அது தனிச் சில்லின் சொந்த நினைவகமா, பொது நினைவகத்தின் பங்கா என்று கேளுங்கள். 8 கிகாபைட் ரேம் உள்ள கணினியில், ஏறக்குறைய பாதியளவு வரை படச் சில்லு தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் காட்டும். அதைத்தான் நாலு கிகாபைட் என்று சொல்லியிருப்பார்கள். அது கூடுதலாகக் கிடைத்த பொருள் அல்ல. நம்முடைய ரேமிலிருந்தே போவது.

சரி, நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு வேகம் தேவை? கட்டுரை எழுத, கணக்கு அட்டவணை போட, காணொளிப் பாடம் பார்க்க, ஆசிரியரோடு இணைய வகுப்பில் பேச, எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய எந்தச் சாதாரண படச் சில்லும் போதும். இதற்காகக் கூடுதலாக ஆயிரம் வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ரேமுக்குச் செலவிடுவது மேல். ஆனால் பிள்ளை கட்டடப் படம் வரையும் படிப்போ, அசைவூட்டப் படங்கள் செய்யும் படிப்போ எடுத்தால், வேகம் உண்மையிலேயே தேவைப்படும். அப்போது கல்லூரியில் முதலில் கேளுங்கள். எந்த மென்பொருள், அதற்கு எந்த அளவு கணினி என்று எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். சில படிப்புகளுக்குத் தனிப் படச் சில்லே தேவைப்படலாம்.

கடைக்குப் போகும்போது நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள்.

முதலாவது: பிராசசரின் முழு எண் என்ன? ஐ-5, ரைசன் 5 என்று மட்டும் சொன்னால் போதாது.

இரண்டாவது: ரேம் எத்தனை கிகாபைட்? அது ஒரே வழியா, இரண்டு வழியா?

மூன்றாவது: பின்னால் ரேம் கூட்ட முடியுமா? சில மெல்லிய கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூட்ட இயலாது.

நான்காவது: தனிப் படச் சில்லு உண்டா, அல்லது பிராசசரோடு சேர்ந்ததா?

பணம் கொடுப்பதற்கு முன் கணினியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பகுதியில் ‘மெமரி’ என்பதைத் தொட்டால், ரேமின் அளவும், எத்தனை இடங்களில் செருகப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். ‘ஜி.பி.யூ.’ என்பதைத் தொட்டால் படச் சில்லின் பெயர் தெரியும். இதைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. நம் பணம், நம் பிள்ளை, நம் கேள்வி.

வேகம் நினைவகத்தை மட்டும் பொறுத்ததன்று. ஒரே சில்லு, நல்ல காற்றோட்டமுள்ள கணினியில் விரைவாகவும், மிக மெல்லிய கணினியில் சூடேறி மெதுவாகவும் ஓடக்கூடும். ஆகவே மெத்தையின்மேல் வைத்துக் காற்று வழியை அடைக்காமல், மேசைமேல் வைத்துப் பயன்படுத்தப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அந்தப் பெண்பிள்ளை படிப்பை முடித்துவிட்டாள். அந்தக் கணினி இப்போது அவள் தம்பியின் கையில் இருக்கிறது. அவர்கள் லயத்தில் யார் மடிக்கணினி வாங்கப் போனாலும், அந்தத் தாயார் முதலில் கேட்பது ஒன்றுதான்: “ரேம் ஒண்ணா, ரெண்டா? கேட்டியா?” எங்களால் அன்று கேட்க முடியாத கேள்வியை அவர் இன்று கேட்கிறார். நேயர்களே, நீங்களும் கேளுங்கள்.